கருடனுக்காக அண்ணாந்து பார்த்த காலை

என் குமரா, கண்ணு,

அக்கா எழுதினால் பாடமாகத்தான் இருக்கும் என்று சிரிப்பாயே. இன்று பாடம் இல்லை. உன் விமானம் விழுந்தது பற்றிய விசாரணை அறிக்கை போன வாரம் வந்தது. மோசமான வானிலை, அந்த வானிலையில் ஓட்டத் தகுதி பெறாத விமானி என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். இன்னொரு காரணம் அதில் இல்லை. அது நான்.

நாற்பதைத் தாண்டிய பிறகு விமானம் ஓட்டக் கற்று, லைசென்ஸும் வாங்கிய தம்பியைப் பற்றி இண்டூர் சந்தை வரைக்கும் பேசித் தீர்த்தவள் நான்தானே. நம் ஊர் அம்மன் கோயில் கும்பாபிஷேகத்தன்று கலசத்தில் நீர் ஊற்றும் முன் வானத்தில் கருடன் வட்டமிட வேண்டும் என்று ஊரே காத்திருக்கும். தர்மகர்த்தா என்னிடம் வந்து, "கருடன் வராட்டியும் பரவால்லீங்க டீச்சர், உங்க தம்பி வந்து ஒரு சுத்து சுத்திட்டுப் போவட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று காலை நீ போனில் சொன்னாய்: "வேணாங்க்கா. மலை மேல மேகம் குந்திக்கிட்டிருக்குதாம். தரை கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் நான் ஓட்டலாம். மேகத்துக்குள்ள வெறும் மீட்டரைப் பாத்து ஓட்டறது வேற படிப்பு. நான் இன்னும் படிக்கல."

உனக்குத் தெரிந்ததும் தெரியாததும் உனக்குத் தெளிவாகவே இருந்தது. நான்தான் உதாரணம் சொன்னேன்.

"சித்தேரி பஸ்ஸு மூடுபனியில மலை ஏறலையாடா? தெரிஞ்ச வழிதானே, சாமி. எல்லாரும் உன்னியத்தான் கேக்கறாங்க."

நீ, "டீச்சரம்மா சொன்னா மறுபேச்சு ஏது" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாய்.

பஸ்ஸுக்குக் கீழே சாலை இருக்கிறது. வழி தெரியாவிட்டால் ஓரமாக நிறுத்திவிடலாம். நீ எங்கே நிறுத்துவாய்? வகுப்பில் ஒரு பிள்ளை அப்படி எழுதியிருந்தால் பொருந்தாத உதாரணம் என்று அடித்துவிட்டிருப்பேன்.

மேகத்துக்கு மேலே உன் விமானத்தின் சத்தம் கேட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் கோயிலில் நின்ற எல்லோரும் கை தட்டினோம். சத்தம் வத்தல்மலைப் பக்கம் போய் ஓய்ந்தது. புறப்பட்ட விமானத்தளத்துக்கே திரும்பிவிட்டாய் என்று நினைத்து, தலையில் தெளித்த தீர்த்தத்தைத் துடைத்துக்கொண்டு பந்திக்கு உட்கார்ந்தேன். சாப்பிட்டேன், குமரா. மலைச்சரிவில் மாடு மேய்த்தவர்கள் வந்து சொல்லும்போது என் கை இலையில் இருந்தது.

இப்போது ஊரில் பாதிப் பேர் அம்மன் உன்னை அழைத்துக்கொண்டாள் என்கிறார்கள். மீதிப் பேர் அறிக்கையைப் பிடித்துக்கொண்டார்கள். ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி, "லைசென்சே இல்லாம ஓட்டினானாமே டீச்சர், அவ்வளோ என்ன வீம்பு?" என்று கேட்டாள். "லைசென்ஸ் இருந்துச்சும்மா" என்றேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. உன் மகள் கயலைப் பள்ளியில் இதையே சொல்லிச் சீண்டுகிறார்களாம்.

நேற்று உன் வூட்டுக்குப் போய், இதுவரை எழுதியதை உன் மனைவி செல்விக்குப் படித்துக் காட்டினேன். அவள் மாவரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"எனக்குத் தெரியுங்க, அண்ணி. அன்னிக்கு அவரு ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசினாரு. நான் அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டிருந்தேன்."

"ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல?"

"வாராவாரம் பழம் வாங்கிக்கிட்டு வரீங்க. இன்னிக்குச் சொல்லுவாங்க, இன்னிக்குச் சொல்லுவாங்கன்னு இருந்தேன். உங்க பேச்சைத் தட்ட மாட்டாருன்னு உங்களுக்குத் தெரியும்தானுங்களே?"

தெரியும். அதனால்தானே சொன்னேன்.

"என்கிட்டச் சொல்லி என்னத்துக்கு ஆவுது? கயலு காது கேக்க, ஊரு காது கேக்கச் சொல்லுங்க" என்று கிரைண்டரைத் திரும்பப் போட்டுவிட்டாள். நான் கொண்டுபோன பழப்பை வாசலிலேயே இருந்தது.

வருகிற வெள்ளிக்கிழமை கோயிலில் வருஷாபிஷேகம். மைக்கைக் கேட்டு வாங்குவேன். கயலைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வேன். அவள் அப்பா வர மறுத்தான், நான்தான் வரவழைத்தேன் என்று சொல்வேன். அதோடு நிறுத்திக்கொள்வேன், கண்ணு. உதாரணம் எதுவும் சொல்ல மாட்டேன்.

நீ வேண்டாம் என்றதைக் கேட்காமல் போன
உன் அக்கா