முள் என்று சொல்லச் சொன்னாய்

மாப்ளே,

இன்று காலை கடையைத் திறந்து ஆம்ப்ளிஃபயர்களுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். சரசு வந்து நின்றாள். உன் காரியத்துக்குப் பிறகு உன் மனைவி என் கடைக்கு வருவது இதுதான் முதல் தடவை. நாளை மறுநாள் உன் தலைத்திவசம், அதற்கு மைக்செட் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். மஞ்சள் பைக்குள் கையை விட்டு அந்த நீல ஸ்பீக்கரை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

முன்பக்க வலையில் கருவை முள் கீறிய கோடுகள் அப்படியே இருந்தன. ஆட்டுப் பட்டி வாடைகூடப் போகவில்லை.

"அண்ணே, இது ஒங்க கடச் சாமானா? பரணுல சாக்குக்குள்ள கெடந்துச்சு. சார்ஜ் போட்டு அமுக்கிப் பாத்தேன். ஒரு ஆட்டுக்குட்டி விடாமக் கத்துது. அப்பறம் அவரு பேசுறாரு. இது என்னண்ணே?"

பரணில் இருந்ததாம். அதைக் கேட்டதும்தான் உன்மேல் எனக்குப் புதிதாக ஒரு கோபம் வந்தது. காலில் விஷத்தை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன், பெண்டாட்டியைக் கூப்பிடுவதற்கு முன்னால் பரணில் ஏறி இதை ஒளித்து வைத்திருக்கிறாய். செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் இதை எழுதுகிறேன்.

துபாயிலிருந்து வந்த மூன்றாம் வாரம், இதே மேசைக்கு எதிரே உட்கார்ந்து உன் போனில் அந்த வீடியோவைக் காட்டினாய். எங்கோ வெளிநாட்டில் ஒருவன் இலை தழை போட்ட சட்டையோடு புதருக்குள் உட்கார்ந்திருக்கிறான். தூரத்தில் ஒரு பெட்டி. ரிமோட்டை அமுக்கினால் பெட்டிக்குள் முயல் அலறுகிறது. கொஞ்ச நேரத்தில் நரி மாதிரி ஒன்று ஓடி வருகிறது. துபாய் கேம்ப்பில் படுத்துக்கொண்டு இரண்டு வருடமாக இதைத்தான் பார்த்தேன் என்றாய். கண்மாய்க்கு அந்தப் பக்கம் மேயப்போன சரசுவின் ஆடுகளில் மூன்று குட்டிகள் அடுத்தடுத்துப் போயிருந்தன. நரிதான் என்று ஊரே சொன்னது, நீயும் சொன்னாய்.

"நான் மறுபடி போறதுக்குள்ள அந்த நரிய முடிச்சுட்டுப் போயிரணும் மாப்ள. இல்லைன்னா ஒன்னு மிஞ்சாது. ஒங்கிட்டதான ஸ்பீக்கர் கெடக்கு, ஒன்னு குடு."

நரியைக் கொன்றால் கேஸ் என்று சொன்னேன். "யாரு பாக்கப் போறா?" என்றாய். நான் கொடுத்தேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று ஊரைக் கூப்பிடவே சத்தம் போட்டுப் பிழைப்பவன் நான். நரியையும் கூப்பிட்டுப் பார்ப்போமே என்று எனக்கும் ஆசை வந்துவிட்டது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன், எல்லாப் பழியையும் உன் தலையில் கட்டிவிட்டு நான் நல்லவனாக நிற்கக் கூடாது.

முதல் நாள் நாம் அடித்த கூத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, வரக்கூடாது என்றும் தோன்றுகிறது. விடிந்தும் விடியாத நேரம். தைலமரக் காட்டு ஓரத்தில் ஸ்பீக்கரை வைத்துவிட்டு, ஐம்பது தப்படி தள்ளி ஒரு கருவைப் புதருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தோம். காற்று நம் பக்கம் அடிக்க வேண்டும், இல்லையென்றால் மோப்பம் பிடித்துவிடும் என்றாய். முதலில் சத்தத்தைக் குறைத்து வை, கிட்டே இருப்பது மிரண்டுவிடும் என்றாய். அசையாதே, இருமாதே, கால் மணி நேரம் பொறு என்றாய். எல்லாம் வீடியோ வாத்தியார் சொல்லிக் கொடுத்த பாடம். வெளிநாட்டு முயல் அரை மணி நேரம் அலறியது. ஒரு செம்போத்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"நம்ம ஊரு நரிக்கு அந்த ஊரு மொசலத் தெரியாது மாப்ள. நம்ம ஊருச் சத்தம் வேணும்" என்றாய்.

அன்று சாயங்காலமே உன் வீட்டுப் பின்பக்கம் சரசு இல்லாத நேரமாகப் பார்த்துப் பிறந்து பத்து நாளான குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். நான் ஒரு கையில் ரெக்கார்டரையும் மறு கையில் குட்டியையும் பிடித்துக்கொண்டேன். நீ அதன் காதைத் திருகினாய். அது கத்திய கத்து இன்னும் என் காதில் இருக்கிறது. பட்டிக்குள் தாய் ஆடு முட்டி மோதியது. கடைசியில் நீதான் பொறுக்கமாட்டாமல், "போதும் மாப்ள. பாவம், தாய்கிட்ட விட்ரு" என்றாய். அதுவும் சேர்ந்து பதிவாகிவிட்டது. வெட்டிவிடலாம் என்றேன். "நரிக்குத் தமிழு தெரியாது, விடு" என்றாய்.

மறுநாள் அதைப் போட்டோம். பத்து நிமிடம் ஆகவில்லை, புதருக்குள் தடதடவென்று சத்தம். நீ சாக்கை உருவி அந்த நாட்டுத் துப்பாக்கியைத் தூக்கினாய். யாரிடமோ இரவல் வாங்கியது. வந்தது அந்தத் தாய் ஆடு. கயிற்றை அறுத்துக்கொண்டு, மடி பாலோடு, முள்ளில் எல்லாம் விழுந்து எழுந்து வந்து, ஸ்பீக்கரைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. பெட்டியை முகர்ந்து பார்த்தது. குட்டி வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்று அதற்கு யார் சொல்வது? உனக்கும் முகம் செத்துவிட்டது. அன்றைக்கே மூட்டை கட்டியிருக்கலாம்.

அடுத்த நாள் ஆட்டை நன்றாகக் கட்டிவைத்துவிட்டு வந்தாய். அன்று வந்தவை நாய்கள். ஐந்து. கண்மாய்க் கரையில் கோழிக்கடைக் கழிவைக் கொட்டும் குழிப் பக்கமிருந்து வரிசையாக வந்தன. தயங்கவில்லை, தேடவில்லை, பழகிய பாதையில் வருவதுபோல் நேராகக் குட்டிச் சத்தத்துக்கு வந்தன. நாலாவதாக வந்தது உன் வீட்டு மணி. நீ சோறு போட்டு வளர்த்த மணி.

"மாப்ள, ஒங்க மணிடா" என்றேன்.

"அது மணி இல்ல."

"காது அறுந்துருக்குறது தெரியலையா ஒனக்கு?"

"சொல்றேன்ல, இல்லன்னு."

நரி முகத்தில் விழித்தால் யோகம் என்பார்கள். நமக்கு அந்த யோகமும் இல்லை. கடைசிவரை ஒரு நரியைக்கூட நாம் பார்க்கவில்லை. குட்டிகளைத் தின்றது யார் என்று நம் இரண்டு பேர் கண்ணும் பார்த்தது. ஆனால் நீ நரி நரி என்று ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. சொந்த நாய் என்று வந்து நின்றால் தெருவில் சிரிப்பார்கள். உன் வறட்டு வீம்பு அங்கேதான் குறுக்கே வந்தது. இனி நான் வரமாட்டேன், ஸ்பீக்கரைக் கொடு என்று கேட்டேன். "நரியோட வந்து தாரேன், போ" என்றாய். அதுதான் நாம் நேருக்கு நேர் பேசிய கடைசிப் பேச்சு.

மறுநாள் நீ தனியாகப் போனாய். அரிமளத்தில் ஒரு காதுகுத்துக்கு நான் ஹார்ன் கட்டிக்கொண்டிருந்தேன். ஏழரை மணிக்கு உன் போன்.

"மாப்ள, பொதருக்குள்ள ஒக்காந்துருந்தேன், என்னமோ கால்ல போட்ருச்சு. சாரையாத்தான் இருக்கும். வீட்ல முள்ளுன்னு சொல்லிருக்கேன். கேட்டா நீயும் அதையே சொல்லு."

"ஆஸ்பத்திரிக்குப் போடா மொதல்ல."

"போனா எங்க கடிச்சது, அங்க என்ன செஞ்சேன்னு கேப்பாய்ங்க. துப்பாக்கி அங்கிட்டே கெடக்கு. கேஸுன்னு ஆயிட்டா பாஸ்போர்ட்டு போச்சு மாப்ள. வீங்குனாப் போறேன்."

பாஸ்போர்ட். புதுப்பிக்கக் கொடுத்திருந்தாய், போலீஸ் விசாரணைக்கு ஆள் வர வேண்டியிருந்தது. அந்தச் சின்னப் புத்தகத்துக்காக உயிரைப் பணயம் வைத்தாயே, அதை என்னவென்று சொல்ல? நானும் என்ன கிழித்தேன்? சாரையாக இருக்கும் என்று நீ சொன்னதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. ஏணியில் ஏறி மறுபடி ஒயரை முறுக்கினேன். அரை மணி கழித்துக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. மனசு கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தபோது ஒன்பதரை. உன் கால் முழங்கால்வரை வீங்கி மினுமினுத்தது. ஈறில் ரத்தம். குதிகாலுக்கு மேலே மஞ்சள் பத்து.

அந்த மஞ்சளைப் பற்றித்தான் உன்னிடம் கேட்க வேண்டும். முள் குத்திவிட்டது என்று நீ சொன்னதும் சரசு தாலிச் சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, அடுப்பில் காட்டிச் சுட்டு, உன் பாதத்தை மடியில் வைத்துத் தோண்டியிருக்கிறாள். இல்லாத முள்ளை எத்தனை நேரம் தேடினாளோ. நீ பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உள்ளே ஒன்றும் இல்லை என்று உனக்குத் தெரியும். "ஒடஞ்சு உள்ள போயிருச்சுங்க" என்று சொல்லிவிட்டு மஞ்சளைச் சுட்டு வைத்துக் கட்டியிருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அவள் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறாள்?

பேச்சில்லாமல் கிடந்த உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் காலைப் பார்த்ததுமே, "இது முள்ளு இல்ல, விரியன். எத்தன மணிக்குக் கடிச்சது?" என்று கேட்டார். சரசு என்னைப் பார்த்தாள். நேரம் எனக்குத்தான் தெரியும். "முள்ளுன்னுதான் சொன்னாருங்க" என்றேன். நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். மருந்து ஏற்றினார்கள். மறுநாள் மத்தியானம் நீ போய்விட்டாய்.

கேதத்துக்கு வந்த கூட்டத்துக்கு நடுவே உன் ஆத்தா நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னதை நீ கேட்டிருக்க வேண்டும். "அவனுக்கே தெரியாமத் தீண்டிருக்கு. பாத்தவளுக்குக் கண்ணு இல்லயா? விசத்துக்கு மஞ்சள வச்சுக் கட்டி எம்புள்ளய அனுப்பிட்டாளே." பந்தலில் டியூப்லைட் மாட்டிக்கொண்டிருந்த நான் கேட்டுக்கொண்டே நின்றேன். சரசு தலையைத் தூக்கவில்லை. நான் வாயைத் திறந்தால் துப்பாக்கி வெளியே வரும். மறுநாளே அதைப் புதரிலிருந்து எடுத்து உரியவனிடம் சேர்த்தவன் நான். அதனால் என் கடை வெளியே வரும், என் பெயர் வெளியே வரும். உன் வார்த்தையைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காப்பாற்றியது என் தோலை.

இன்று காலை எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். வீடியோவிலிருந்து உன் போன்வரைக்கும், ஒன்றும் விடாமல். அவள் அழவில்லை. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முள்ளே இல்லையாண்ணே?" என்றாள்.

"இல்லத்தா."

"எனக்குச் சரியா தோண்டத் தெரியலன்னுதான் இம்புட்டு நாளா நெனச்சுக்கிட்டு இருக்கேன். எடுத்திருந்தா பொழச்சிருப்பாருன்னு. பாம்புன்னு டாக்டரு சொன்னப்பறமும் கனவுல அந்த முள்ளத்தான் தேடுறேன்."

மன்னித்துக்கொள் என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"எங்கிட்டச் சொன்னது பத்தாதுண்ணே. அன்னைக்கு அயித்த அம்புட்டுப் பேரு முன்னாடியும் சொன்னுச்சு. ஒரு வருசமா என் கையில தண்ணி வாங்கிக் குடிக்கல. தெவசத்தன்னைக்கி எல்லாரும் வருவாக. நீங்கதான் மைக்கு வச்சிருக்கீங்க. அதுல சொல்லுங்க."

"துப்பாக்கியயுமா?"

"எல்லாத்தயும்."

போலீஸ் வந்தால் வரட்டும் என்று அவள் சொல்லவில்லை. அதை எனக்கு விட்டுவிட்டுப் போய்விட்டாள். வாசலில் திரும்பி ஒன்று மட்டும் கேட்டாள். அந்தக் குட்டிச் சத்தத்தை வெட்டிவிட்டு உன் பேச்சை மட்டும் போனில் ஏற்றித் தர முடியுமா என்று. மத்தியானம் உட்கார்ந்து வெட்டினேன். முழுவதும் ஒருமுறை கேட்க வேண்டியிருந்தது. அலறல் முடிந்து, "போதும் மாப்ள. பாவம், தாய்கிட்ட விட்ரு." உன் குரலில் மிஞ்சியது அவ்வளவுதான். ஒரு ஆட்டுக்காக மனசு இளகத் தெரிந்தவன், ஊக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவளிடம் ஏன் வாயைத் திறக்கவில்லை? இதைத்தான் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இனியும் கேட்பேன், கோபம் ஆறாது. அந்தக் கோபத்தில் பாதி என்மேல்தான்.

நீ சொல்லச் சொன்னதை ஒரு வருடம் சொல்லியாயிற்று. இனி அவள் சொல்லச் சொன்னதைச் சொல்கிறேன். கோவித்துக்கொண்டால் கோவித்துக்கொள்.

சாயங்காலம் உன் வீட்டுக்குப் போய் இரண்டு ஹார்ன் கட்டிவிட்டு வந்தேன். வழக்கமாகத் தெருவைப் பார்த்துத்தான் கட்டுவேன். உன் ஆத்தாவுக்குக் காது மந்தம், உனக்குத் தெரியுமே. ஒன்றை அவள் உட்காரும் பக்கம் திருப்பிக் கட்டியிருக்கிறேன்.