உன்னைத் தூக்காத தோள்

ஏலே சேக்காளி, சௌக்கியமா இருக்கியா? அங்கன போயும் காலையில வெறும் கருப்பட்டிக் காப்பிதானா?

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்கிறேன், உன் மகள் எழுதுகிறாள். வீட்டில் ரசகதலிக் குலை பழுத்து வாசம் தூக்குகிறது. அந்த வாசம் வந்தாலே உன்மேல் எரிச்சல் வருகிறது எனக்கு. ஏன் என்று உனக்குத் தெரியும். உன் மகளுக்குத் தெரியாதே, அதனால் சொல்கிறேன்.

நீயும் இன்னும் நாலு வீட்டாரும் வேதத்தில் சேர்ந்து ஏசுசாமியைக் கும்பிட ஆரம்பித்த வருஷம் அது. டீக்கடையில் உங்களுக்கு கிளாஸ் நீட்டவில்லை, நடுகைக்கு யாரும் கூப்பிடவில்லை. நீ எந்தச் சாமியைக் கும்பிட்டால் எனக்கென்ன? ஒரே வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்தவர்கள் நாம். ஞாயிற்றுக்கிழமையானால் நீ அவர்களோடு ஓலைக் கொட்டகைக்குள் போய்விடுவாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் கொட்டகைக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்டேன். மாடு தேடி வந்தவன் மாதிரி கையில் கயிறு வேறு. மாட்டை முந்தின வருஷமே விற்றாகிவிட்டது. நல்ல மாடு, நிறைசினை. அது கிடக்கட்டும். உள்ளே ஒருவர் கடிதம் வாசித்தார். ஜெயிலில் விலங்கோடு கிடக்கிற யாரோ ஒருவர், வெளியே அடி வாங்குகிற தன் ஆட்களுக்குத் தைரியம் சொல்லி எழுதியது. நீ விம்மி விம்மி அழுதாய். நான் கால் முறிந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு சொட்டு விட்டாயா?

ஜெயில் என்றால் நமக்குப் பாளையங்கோட்டைதான். அந்த ஆள் யார் என்று பார்த்துவிட, மறுநாள் ஒரு சீப்பு ரசகதலியோடு டவுன் பஸ் ஏறினேன். வாசலில் போலீஸ்காரர் கேட்டார்:

"யாரைப் பாக்கணும்?"

"லெட்டர் போட்டாருல்லா, அவரைத்தான்."

"பேரு?"

"சரியாக் காதுல விழல."

"பேரு தெரியாமலா பழத்தைத் தூக்கிட்டு வந்தீரு? வீட்டுக்குப் போவும்வே!"

உன்னிடம் வந்து சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அது பைபிள்ல உள்ள லெட்டரு. அவரு செத்து ரெண்டாயிரம் வருசம் ஆவப்போவுது லே!"

"அப்பம் எதுக்குலே அழுத?"

"எங்களுக்கு முன்னாலயே அடி வாங்கினவங்க, ஒருத்தரை ஒருத்தர் கைவிடாம இருந்திருக்காங்க. அதைக் கேக்கும்போது நமக்கும் ஆளு இருக்குன்னு தோணுது."

நான் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னாய். பழத்தையும் அந்த நாலு வீட்டுக்குத்தான் பங்கு வைத்தாய்.

ஆனால் நான் என்ன செய்தேன்? உங்களோடு யாரும் பேசக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னபோது தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். உன் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது தாயி, உள்ளதுதான்.

போன மாசம் நீ போய்ச் சேர்ந்தாய். கல்லறைக்குப் போகிற பாதையில் ஊர்க்காரர்கள் முள்ளை வெட்டிப் போட்டு மறித்தார்கள். சேரன்மகாதேவியிலிருந்தும் நாங்குநேரியிலிருந்தும் வந்த வேதக்காரர்கள், உன் முகத்தைக்கூடப் பார்த்திராதவர்கள், நட்ட வயலில் இறங்கி உன் பெட்டியைத் தோள் மாற்றித் தோள் மாற்றிக் கொண்டுபோனார்கள். பத்தடி தள்ளி நான் வரப்பில் நின்றேன். அவர்கள் இடுப்பு வரைக்கும் சேறு. என் வேட்டி வெள்ளையாக இருந்தது. அந்தச் சேற்றின்மேல் எனக்கு வந்த பொறாமை இன்னும் ஆறவில்லை. உன்னைத் தூக்காத இந்தத் தோளோடுதான் நடமாடுகிறேன்.

இன்றைக்குத் திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். அந்தப் பாதை எல்லாருக்கும் பொது என்று மனு கொடுக்க உன் ஆட்கள் போகிறார்கள். ஊர்ப் பக்கமிருந்து ஒருவர் வந்து சொன்னால்தான் எடுபடுமாம். நான் வேதத்தில் சேரவில்லை. ஆனாலும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஊர் என்னையும் ஒதுக்கும், ஒதுக்கட்டும். பாதையைப் பற்றி அப்புறம். முதலில் நீ எனக்கு யார் என்றுதான் கலெக்டரிடம் சொல்வேன். "அய்யா, அந்தப் பெட்டியில இருந்தவன் எனக்கு..."

வாசலில் உன் ஆட்கள் கூப்பிடுகிறார்கள்: "அண்ணாச்சி, வேன் வந்துட்டு! எங்க நடுவுல உங்களுக்கு இடம் போட்டிருக்கோம், பைய வாங்க!"