ஆற்றை வலக்கைப் பக்கம் வைத்து

கொடுமுடி,
18.11.1979

அன்புள்ள அப்பாவுக்கு ஆதிலட்சுமியின் பணிவான வணக்கம். முட்டிவலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

"தீபம் முடிஞ்சதும் கடைய கட்டிட்டு வரேன், எப்படி வரணும்னு எழுது" என்ற உங்கள் கார்டை நேற்றிலிருந்து பத்து முறை படித்துவிட்டேன். அவ்வளவு தூரத்தில் டீச்சர் வேலையா என்று மூன்று மாதம் என்னோடு பேசாமல் இருந்தவர், இந்த ஊருக்கே வரப்போகிறீர்கள்!

சேலத்துக்குப் பஸ், அங்கிருந்து ஈரோட்டுக்குப் பஸ், அப்புறம் ரயில். கொடுமுடியில் இறங்குங்கள்.

நான் வந்த அன்று அடித்த கூத்தைக் கேளுங்கள். ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிற அம்மாவிடம், "பள்ளிக்கூடம் மலைக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். நம் ஊரில் அப்படித்தானே கேட்போம்! "மலையா? இங்க ஆறுதானுங்க அம்மிணி இருக்குது" என்று சிரித்தார். பெட்டியோடு ஒரு மணி நேரம் சுற்றினேன்.

நீங்கள் சுற்ற வேண்டாம். கிழக்கே நடந்தால் காவிரி. கிரிவலத்தில் மலையை வைத்துக்கொள்கிற மாதிரி, ஆற்றை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டே வாருங்கள். பச்சைக் கதவு போட்ட ஓட்டு வீடு.

மல்லாட்டை கொஞ்சம் வறுத்து எடுத்து வாருங்கள்; இங்கே நிலக்கடலை என்று சொன்னால்தான் புரிகிறது. மலைப்படம் போட்ட காலண்டர் ஒன்றும் வேண்டும். காலையில் எழுந்தால் எந்தச் சுவரைப் பார்த்துக் கும்பிடுவதென்று தெரியவில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும், அப்பா. மலையைச் சுற்றினால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வோம். ஆறு அப்படியில்லை. பாதியில் திரும்பிவிடாதீர்கள், வாசலிலேயே நிற்பேன்.

உங்கள் மகள்,
ஆதி