பக்கத்தில் நின்று திட்டும் இடம்

அன்புள்ள ரேவதி,

இந்நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நீ பார்க்காமலே போன உன் மருமகள், என் பாப்பா, இப்போதுதான் தூங்கினாள். இரண்டு வயதாகிறது. உன்னைப் போலவே, விளக்கை அணைத்த பிறகுதான் அவளுக்கும் பேச்சு வரும்.

எனக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைக்கும் போலிருக்கிறது. அவசர மருத்துவம்தான், மருத்துவக் கல்லூரி விடுதியில் நாம் இரண்டு பேரும் பேசிவைத்த அதே படிப்பு. கலந்தாய்வு விருப்பப் பட்டியலில் எந்தக் கல்லூரியை முதலில் போடுவது என்று இந்த வாரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். இரண்டில் வந்து நிற்கிறேன். ஒன்று, இங்கிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடும் தூரம். இன்னொன்று தெற்கே, ஒரு பகல் முழுக்கப் பயணம். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியாத ஊர்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கிட்டக்க இருக்கறத போடு. பாப்பாவ தினம் பாக்கலாம்ல?" என்கிறார் உன் அண்ணன். அவர் சொல்வதில் என்ன தப்பு?

ஆனால் நீ ஒரு வழி சொல்லிவைத்திருந்தாயே. "துறைத்தலைவர கேக்காதடி. அவரு எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாரு. முதல் வருஷத்துல மாட்னவன புடிச்சு கேளு." அப்படியே செய்தேன். கிட்டத்துக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் உற்சாகமாகப் பேசினார். "சூப்பரா இருக்குக்கா. யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. ராத்திரில எல்லாத்தையும் நாங்களே பாத்துப்போம். சீனியருங்க போன்ல இருப்பாங்க."

போன் என்றதும் உன் கடைசி ராத்திரிதான் எனக்கு ஞாபகம் வந்தது. பௌர்ணமிக் கூட்டத்துக்காக அடி அண்ணாமலையில் போட்ட முதலுதவி முகாமில் வேலை முடித்து ஸ்கூட்டரில் வந்தவள் நீ. பஸ் மோதி, உன்னைக் கொண்டுபோன இடத்தில் ஒரே ஒரு ஜூனியர் டாக்டர். உன் நெஞ்சுக்குள் காற்று அடைத்திருக்கிறது, குழாய் போட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தனியாகப் போட்டுப் பழக்கமில்லை. போனை ஸ்பீக்கரில் வைத்து சீனியரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் நிறைமாத வயிற்றோடு கதவுக்கு வெளியே நின்று, யாரும் எடுக்காத அந்த ரிங் சத்தத்தைக் கேட்டேன். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை ரேவதி. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் மட்டும்?

தெற்கே உள்ள கல்லூரியில் பேசிய பெண் அழாத குறை. "வேணாம்க்கா. தினம் திட்டு. ஊசிய கையில எடுத்தாகூட மேடம் பக்கத்துலயே நின்னு திட்டுவாங்க."

"ராத்திரியிலயுமா?" என்றேன்.

"ராத்திரிதான்க்கா ஜாஸ்தி."

நான் சிரித்துவிட்டேன். அந்தப் பெண், பாவம், குழம்பிப்போனாள்.

உன் அம்மாவிடம் சொன்னேன். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "திட்றதுக்கும் ஒரு ஆளு கூட நிக்கணும் இல்ல? அங்கயே போ. கொழந்தய நான் பாத்துக்கறேன்." கொஞ்ச நேரம் கழித்து, "அப்பப்ப வந்துடு. இல்லாங்காட்டி அது என்னயே அம்மான்னு கூப்டும். அப்புறம் என் மேல பாயக்கூடாது," என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அப்போதிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. மூன்று வருஷம், ரேவதி. நான் பையோடு வாசலில் வந்து நிற்கும்போது, இவள் உன் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டால் என்ன செய்வேன்?

தெற்கைத்தான் முதலில் போட்டிருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை, விரல் 'அனுப்பு' பொத்தான்மேல் போய்ப் போய்த் திரும்புகிறது. ஆனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நானும் ஒருநாள் சீனியர் ஆவேன். என் ஜூனியர் யாரும் போனை வைத்துக்கொண்டு தனியாகத் தவிக்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்பேன். நன்றாகத் திட்டுவேன்.

நீ பதில் போட மாட்டாய். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். சின்னக் குழந்தையை வீட்டில் விட்டுப் போய்ப் படித்த அம்மாக்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: திரும்பி வந்தபோது குழந்தை உங்களிடம் வந்ததா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உன் அண்ணி,
மலர்விழி