படகுக்காரி பாட்டு யாருடையது?

ஜனவரி 9, ஞாயிறு

மதியம் பப்பில் பாட்டு. பன்னிரண்டு பேர். கிதார் இல்லை, மைக் இல்லை, வெறும் தொண்டை. கிளைவ் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு படகுக்காரி பாட்டைப் பாடினான். அது என் அப்பாவின் பாட்டு. கல்யாணமான புதிதில் பாத்திரம் கழுவிக்கொண்டே நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். விவாகரத்தில் வீட்டை விற்றுப் பங்கு போட்டோம், நாய் அவனுக்குப் போனது. பாட்டைப் பற்றி வக்கீல் கேட்கவே இல்லை.

ஜனவரி 10

எங்கள் கூட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: ஒரு பாட்டு ஒருவருடையது என்று ஆகிவிட்டால், அவர் அறையில் இருக்கும்வரை மற்றவர் அதைத் தொடக்கூடாது. பப் நடத்தும் பிரெண்டாவிடம் புலம்பினேன்.

"இருபது வருஷமா அவன்தானே பாடுறான் கண்ணு. நீ ஏன் அப்பவே வாயத் திறக்கல?"

ஏன் திறக்கவில்லை? பயம். வேறென்ன.

ஜனவரி 23

முதல்முறையாகத் தனியாகப் பாடினேன், வேறொரு பாட்டு. சுருதியை மேலே பிடித்துத் தொலைத்தேன். இரண்டாம் அடியிலேயே கீச்சென்றது. நிறுத்தி, இறக்கி, மறுபடி தொடங்கினேன். யாரும் சிரிக்கவில்லை. பல்லவியில் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். என் சின்னக் குரலுக்குக் கீழே தரை போட்டதுபோல் இருந்தது. இதற்காகத்தானே ஞாயிறுதோறும் அங்கே போய் உட்காருகிறேன்.

ஜனவரி 24

தொண்டை கட்டிவிட்டது. சந்தோஷம்தான்.

பிப்ரவரி 6

கிளைவிடம் கேட்டேவிட்டேன். "ஒரே ஒரு தடவ நான் பாடிக்கிறேனே."

"நான் உள்ள இருக்கறவரைக்கும் அது என் பாட்டு. சட்டம் தெரியும்ல?"

"அது எங்கப்பா பாட்டு."

"உங்கப்பாவுக்கு ரெண்டு சரணம்தான் தெரியும். மிச்சம் மூணையும் தேடிப் பிடிச்சது யாரு?"

அதுவும் உண்மை. அதனால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

பிப்ரவரி 13

சட்டமாவது ஒன்றாவது என்றுதான் போனேன். என் முறை வந்தது. படகுக்காரி என்று சொன்னேன். கிளைவ் எழுந்து வெளியே போய்விட்டான். திமிரைப் பார். அந்தக் கோபத்திலேயே ஐந்து சரணமும் பாடினேன், சரியான சுருதியில். முடிந்தபின் தலை நனைந்து திரும்பி வந்தான்.

"என் பாட்டக் கேக்கக்கூடப் பிடிக்கல போல," என்றேன் பிரெண்டாவிடம்.

"கோட்டையும் எடுக்கல, பீரையும் எடுக்கல. மழையில ஜன்னலோரம் நின்னு பல்லவிய முணுமுணுத்துக்கிட்டு இருந்தான். அவன் உள்ள இருந்தா நீ எப்படிப் பாடுவ? யோசி."

யோசித்தேன். வெட்கமாக இருந்தது.

பிப்ரவரி 20

கிளைவின் முறை. தொடங்கவில்லை. என்னைப் பார்த்து, "படகுக்காரி பாடட்டுமா?" என்றான். இருபது வருஷத்தில் அவன் கேட்டது இதுதான் முதல்முறை.

நான் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். நன்றாகத்தான் பாடுகிறான். பல்லவியை ஜன்னலோரம் நின்று நானும் பாடினேன்.