கடைசி முழம்

புதன், இரவு

கல்லூரியில் இன்று யூத வேதத்தின் ஒரு வரியை நடத்தினேன். தறியில் குறுக்கும் மறுக்கும் பாயும் நாடாவைவிட வேகமாக ஓடும் தன் நாட்களை நினைத்து ஒருவன் புலம்புகிறான். அவை எப்படி முடிகின்றன? அங்குள்ள எபிரேயச் சொல்லுக்கு நம்பிக்கை என்றும் பொருள், நூல் என்றும் பொருள்; நம்பிக்கையின்றி முடிகின்றன என்றும் படிக்கலாம், நூல் தீர்ந்து முடிகின்றன என்றும் படிக்கலாம். உரைகாரர்கள் பல நூற்றாண்டுகளாக வாதாடுகிறார்கள்.

தறியில் இருந்த கணவரிடம் சொன்னேன்.

"நூலை முழுசா தீர உடமாட்டோம்மா. கடைசி முழத்தை நெய்யாம உடுவோம். அதுலதான் அடுத்த சேலைக்கான பாவு நூலைப் பிணைக்கணும்," என்றார்.

எந்த உரையிலும் இது இல்லை.

தறி நின்ற பிறகும் காதுக்குள் நாடா ஓடுகிறது. குழந்தை பிறக்காது என்று மருத்துவர் சொல்லி இரண்டு வருடமாகிறது. தொட்டிலுக்கு வாங்கிய துணியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்பேன். அவர் அதை மடித்து மறுபடி பெட்டிக்குள் வைப்பார்.