கைவிட்ட பிறகும் கட்டுப்போட வரும் வைத்தியர்

மெம்பிஸ் நகரக் கோயிலில் வைத்தியச் சுருள்களைப் படியெடுக்கும் என் மகன் ஹோரிக்கு, நம் தெய்வங்கள் ஆமுனும் தாஹும் உனக்கு மூச்சும் பலமும் தரட்டும். நாங்களும் நலம் என்று எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லையடா. நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு இபூய் எழுதுகிறான், முன்னுக்குப் பின் இருந்தால் அது என் குழப்பம், அவன் தப்பில்லை.

மலையில் அரசருக்குக் கல்லறை குடைகிற இடத்தில் உன் தம்பி கென்னாவின் தலையில் கல் விழுந்துவிட்டது, கழுதைமேல் போட்டுக் கொண்டுவந்தார்கள். வைத்தியர் பாஹேரி வந்து காயத்துக்குள் விரல் விட்டுத் தடவினார், கென்னா துடித்துப் போனான், எலும்பு நொறுங்கி உள்ளே இறங்கியிருக்கிறதாம். கையைக் கழுவிவிட்டு எல்லோர் முன்னாலும், "இது வைத்தியம் பார்க்கக் கூடாத நோவு" என்று சத்தமாகச் சொன்னார். நான் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். ஆனால் மறுநாள் காலையில் அதே மனுஷர் தேனும் கொழுப்பும் நார்த்துணியுமாக வாசலில் நிற்கிறார்! இன்றுவரை தினமும் வருகிறார். உன் அப்பா பொறுக்கமாட்டாமல், "கூடாதுன்னு நீங்கதானேய்யா சொன்னீங்க, அப்புறம் எதுக்கு வர்றீங்க?" என்று கத்தினார். அதற்கு அவர், "பொழைக்க வைக்கிறேன்னு வாக்குக் குடுக்க முடியாதுன்னுதான் அர்த்தம். காயத்தை ஈ மொய்க்க விடுன்னு எந்தச் சுருள்லயும் எழுதலையே" என்றார். எனக்குப் பாதிதான் விளங்கியது. அழுவதா, அடுப்பை மூட்டுவதா?

கென்னா கண் விழித்துவிட்டான், ரொட்டியைக் கரைத்துக் கொடுத்தால் விழுங்குகிறான், பேச்சுதான் கலைந்து கிடக்கிறது. தண்ணீர் வேண்டுமென்றால் செருப்பு என்கிறான், என்னை அக்கா என்கிறான். அவன் பெண்டாட்டி முத்தெம்வியா அவன் எதிரில் சிரித்துவிட்டு உள்ளே போய் அழுகிறாள்.

இதற்கிடையில் உன் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கொல்லையில் சவப்பெட்டிக்கு மரம் இழைத்து மஞ்சள் வர்ணம் பூச ஆரம்பித்துவிட்டார். நேற்று கென்னா சுவரைப் பிடித்துப் பிடித்து அங்கே போய் நின்றான். பெட்டியைத் தடவிப் பார்த்து, "படகு யாருக்குப்பா?" என்றான். அடிபட்ட பிறகு அவன் அப்பா என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. "விக்கிறதுக்குடா" என்று சொல்லிவிட்டு, தூரிகை காய்ந்துபோகும்வரை அவர் அப்படியே உட்கார்ந்து அழுதார். படகு என்றதற்கு அழுதாரா, அப்பா என்றதற்கா, எனக்குத் தெரியவில்லை.

அத்தனை சுருள் எழுதுகிறாயே, வைத்தியம் கூடாது என்று சொல்லப்பட்டவர்களில் ஒருவனாவது பிழைத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறதா, தேடிப் பார். இருந்தால் உடனே ஆள் அனுப்பு. இல்லாவிட்டால் அதை எழுதாதே, அங்கே வெங்காயம் நன்றாக விளைந்ததா, உன் கண்வலி எப்படியிருக்கிறது, எதையாவது எழுது. விளக்கடியில் குனிந்து கிடக்காதே. வைத்தியர்களைக் காக்கும் தெய்வம் செக்மெத் தாய் உன் கைக்குத் துணையிருக்கட்டும்.

உன் அம்மா,
வெர்னுரோ